சத்தமில்லாமல் வழி சொன்ன பெட்டி

நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. ஆனாலும் நான் வேலை பார்த்த கடையின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை இன்னும் நீக்கவில்லை. போன வாரம் அதில் ஒருவர் புதுக் கார் ஒன்றின் டேஷ்போர்டைப் படமெடுத்துப் போட்டிருந்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே திரை. அதன் கீழே எனக்கொரு கேள்வி: “ஏழுமலை அண்ணே, கம்பெனியிலயே இம்மாம் பெருசா வச்சுக் குடுத்துடுறான். நீங்க அந்தக் காலத்துல ஜி.பி.எஸ். மாட்டினோம் மாட்டினோம்னு சொல்லிக்கினு இருப்பீங்களே, அதுல அப்படி இன்னா வேலை இருந்துச்சு? ஒட்டிட்டு ஒயரைச் சொருகுறதுதானே?”

பதில் போட உட்கார்ந்தேன். போனில் எழுதித் தீராது என்று தோன்றியது. காகிதத்தில் எழுதுகிறேன்.

நான் சிந்தாதிரிப்பேட்டைக்காரன். பத்தொன்பது வயதில் காருக்குக் கேசட் பிளேயர் மாட்டப் பழகினேன். பிறகு ஸ்பீக்கர், சென்ட்ரல் லாக், பவர் விண்டோ, ரிவர்ஸ் கேமரா. இருபத்தைந்து வருடம் டேஷ்போர்டுக்குக் கீழே தலைகீழாகப் படுத்தபடியே போனது. அதில் சொல்ல அதிகமில்லை. தி.நகரில் ஒரு கார் அலங்காரச் சாமான் கடையில் மூத்த ஃபிட்டராக நான் சேர்ந்த பிறகுதான் இந்தப் பெட்டிகள் வர ஆரம்பித்தன.

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களை வைத்து, தான் எங்கே இருக்கிறோம் என்று அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். போக வேண்டிய இடத்தைச் சொன்னால் திரையில் அம்புக்குறி போட்டு, இங்கிலீஷில் பேசியும் வழிகாட்டும். நம் தெருப் பெயர்களை அது உச்சரிப்பதைக் கேட்டால் சிரிப்பு வரும். அப்போது போனிலும் மேப் இருந்தது. நடுவழியில் நெட் போய்விடும். இதற்கு நெட் வேண்டாம்.

முதல் பெட்டி கடைக்கு வந்த அன்று அதை மெரினாவுக்கு எடுத்துக்கொண்டு போனேன். மணலில் நடந்தேன். மணிக்கு நான்கு கிலோமீட்டர் என்று காட்டியது. நின்றேன். பூஜ்யம். மறுபடி நடந்தேன். நாற்பத்தைந்து வயதில்தான் என் நடையின் வேகம் எனக்குத் தெரிந்தது. அலை பக்கத்தில் இறங்கினால் கடலுக்குள் இருப்பதாகக் காட்டுமா என்று சோதித்ததில் பேண்ட் முழங்கால்வரை நனைந்ததுதான் மிச்சம்.

எங்கள் மேனேஜர் தேன்மொழி. மதுரைப் பக்கம், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர், டிப்ளமோ படித்தவர். அவர் வந்த புதிதில், இந்தப் பொண்ணு நமக்கு என்ன சொல்லப்போகிறது என்றுதான் நினைத்தேன். அவர் எதையும் சொல்ல மாட்டார், கேட்பார். எங்கே தப்பு இருக்கிறதோ அந்த இடத்தில் பெயிண்டர்கள் ஒட்டும் காகித டேப்பை ஒரு துண்டு கிழித்து ஒட்டி, அதன்மேல் பேனாவால் கேள்வியை எழுதிவிட்டுப் போய்விடுவார். “ஏர்பேக் வெடித்தால் இது எங்கே போகும்?” என்று ஒரு முறை நான் மாட்டிய பெட்டியின் மேலேயே ஒட்டியிருந்தார். பயணி பக்கத்து ஏர்பேக் மூடியின் மேல் அழகாக ஒட்டி வைத்திருந்தேன். அது வெடித்தால் பெட்டி நேராகப் பயணியின் முகத்துக்குத்தான் போகும். உடனே கழற்றினேன்.

அடையாறு டாக்டர் ஒருவரின் பெட்டி, எங்கே போனாலும் காரை ஒரு தெரு தள்ளியே காட்டியது. மூன்று நாள் ஒயரை மாற்றினேன், பெட்டியையே மாற்றினேன். நான்காம் நாள் தேன்மொழி வந்து, “அண்ணே, இதைக் கையில வச்சுக்கிட்டு ஜன்னலுக்கு வெளியே நீட்டுங்க” என்றார். நீட்டினேன். கார் சரியான தெருவுக்கு வந்துவிட்டது. உள்ளே இழுத்தேன், தெரு மாறிவிட்டது. முன் கண்ணாடியில் வெயிலுக்கு ஒட்டியிருந்த தாளில் உலோகப் பூச்சு இருந்திருக்கிறது. வானத்திலிருந்து வருவதை அது பாதியாகத் தடுத்திருக்கிறது. அன்றிலிருந்து அவர் எழுதும் கேள்விகளைப் படித்த பிறகு டேப்பைக் குப்பையில் போடாமல் என் டூல் பெட்டியின் மூடிக்குள் ஒட்ட ஆரம்பித்தேன்.

இனி சேஷாத்ரி சார் விஷயம். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அவர் மயிலாப்பூரில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சனிக்கிழமை மகளோடு வந்தார். சின்ன வெள்ளைக் கார், புதுசு. பக்கக் கண்ணாடிகளின் ஓரத்தில், பின்னால் வருவதை அகலமாகக் காட்டும் வட்டமான சிறு குவிகண்ணாடிகள் ஒட்டியிருந்தன. அன்று தேன்மொழி விடுப்பு. நான்தான் பேசினேன்.

“வழி சொல்ற மெஷின் வேணும். சத்தம் நன்னா ஸ்பஷ்டமா கேக்கணும். அதான் முக்கியம்” என்றார் சேஷாத்ரி சார்.

மூன்று மாடல் காட்டினேன். ஒவ்வொன்றையும் காதருகே வைத்துப் பார்த்து, பெரிய ஸ்பீக்கர் உள்ளதைத் தேர்ந்தெடுத்தார். மகளிடம் ஏதோ கேட்டேன். அவர் என் உதட்டையே பார்த்தார். பதிலை அப்பா சொன்னார். அடுத்த கேள்விக்கும் அப்பாவே சொன்னார். பிறகு நான் அவரைக் கேட்பதை நிறுத்திவிட்டேன். முன் கண்ணாடியின் நடுவில், கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி, சார் உட்காரும் பக்கமாகத் திருப்பி, கண்ணாடியை உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கிண்ணத்தால் ஒட்டினேன். அரை மணி நேர வேலை.

திங்கட்கிழமை அந்தப் பெண் மட்டும் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் பெட்டி. தேன்மொழியின் மேஜைமேல் அதை வைத்துவிட்டு ஒரு சின்ன நோட்டைத் திறந்து காட்டினார். முத்து முத்தான கையெழுத்து.

“என் பேர் மைதிலி. எனக்குக் காது கேட்காது. இதை அப்பாவுக்குப் பொருத்தியிருக்கீங்க. கார் ஓட்டறது நான்.”

தேன்மொழி அதைப் படித்துவிட்டு நோட்டை என் பக்கம் திருப்பினார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அன்று டேப்பும் ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

மைதிலி எழுதி எழுதிச் சொன்னது இதுதான். ஏழு வயதில் வந்த ஜுரத்தில் கேட்கும் சக்தி போய்விட்டது. தரமணியில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை. காது கேட்காதவர்களுக்கு லைசென்ஸ் கிடைப்பதே அப்போது பெரும்பாடு. பல முறை விண்ணப்பித்து, அலைந்து வாங்கியிருக்கிறார். ஆனால் ஒரு நாள்கூடத் தனியாக ஓட்டியதில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டுத் தொட்டு வழி காட்டுவார். இப்போது பெட்டி பேசும், அப்பா அதைக் கேட்டுத் தோளைத் தொடுவார்.

“நாங்க தப்பாப் பண்ணிட்டோம்மா. மறுபடி மொதல்லேருந்து பண்ணித் தரேன்” என்றேன். உதட்டைப் படித்துவிட்டுத் தலையசைத்தார்.

சொல்லிவிட்டேன். எப்படிப் பண்ணுவது என்று தெரியவில்லை. குரலே இல்லாமல் இந்தப் பெட்டியை வைத்து ஒருவர் எப்படி ஓட்டுவார்? அதைத் தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வரவில்லை. மறுநாள் விடிந்ததும் கடைக் காரில் தேன்மொழியை அழைத்துக்கொண்டு அடையாறு காந்தி நகர்ப் பக்கம் போனேன். அந்த நேரத்தில் அங்கே பால் வண்டியைத் தவிர நடமாட்டம் இராது. காதில் பஞ்சை அடைத்து, அதற்குமேல் இரும்புப் பட்டறையில் போடும் காதுமூடியை மாட்டிக்கொண்டேன். பெட்டியில் முன்பின் தெரியாத ஒரு விலாசத்தைப் போட்டுத் தரச் சொன்னேன். மெதுவாக ஓட்டினேன். இன்ஜின் ஓடுகிறதா என்பதே கியர் கம்பியின் அதிர்விலிருந்துதான் தெரிந்தது.

ஒரு கிலோமீட்டர் போயிருப்போம். தேன்மொழி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். காதுமூடியைக் கழற்றினேன். ஸ்டீயரிங் மேல் ஒரு டேப் துண்டை ஒட்டினார். அதில் வரிசையாகக் கோடுகள்.

“இது இன்னா மேடம்?”

“நீங்க ரோட்டை விட்டுட்டுப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தது. எண்ணுங்கண்ணே.”

முப்பத்தோரு கோடு.

திருப்பம் எப்போது வரும் என்று தெரியாததால் நிமிடத்துக்குப் பத்துத் தடவை பார்த்திருக்கிறேன். பேச்சு இருந்தால் அது கூப்பிட்டபோது மட்டும் பார்த்திருப்பேன். வழி திரையிலேயே இருக்கிறது. குரலின் உண்மையான வேலை, ‘இப்போ என்னைப் பார்’ என்று கூப்பிடுவதுதான். அது அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது.

“அப்போ கூப்பிட ஏதாவது ஒண்ணு வேணும் மேடம். தொடாம கூப்பிடணும்.”

“வெளிச்சம்?” என்றார் தேன்மொழி.

வெளிச்சம் என்றதும் எனக்குப் பழைய கேசட் பிளேயர்கள் ஞாபகம் வந்தன. பாட்டுச் சத்தத்துக்கு ஏற்றபடி சிவப்பு விளக்குகள் ஏறி இறங்குமே, அதே வித்தை. பெட்டி பேசும்போது மட்டும் எரிகிற மாதிரி ஒரு சின்ன மஞ்சள் விளக்கு.

முதலில் பெட்டியின் ஸ்பீக்கர் மேல் குண்டுமணி அளவு மைக் ஒன்றை ஒட்டி விளக்கோடு இணைத்தேன். கடைக்குள் அருமையாக வேலை செய்தது. கடைக் காரை வெளியே எடுத்து பாண்டி பஜார் பக்கம் போனேன். விளக்கு அணையவே இல்லை. ஒவ்வொரு ஹாரனுக்கும் எரிந்தது, எல்லாருமே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து சொன்னபோது தேன்மொழி வாய்விட்டுச் சிரித்தார். ஆறு வருடத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

பிறகு பெட்டியின் பக்கவாட்டில் இயர்போன் சொருகும் துளை இருப்பதைக் கவனித்தேன். அதிலிருந்து நேராக ஒயர் எடுத்தால் வெளிச் சத்தம் எதுவும் நுழையாது. எடுத்தேன். பெட்டி பேசினால் மட்டும் விளக்கு எரிந்தது. ஆனால் துளையில் சொருகியதும் ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. எல்லா இயர்போனும் அப்படித்தானே. அது ஒரு பெரிய விஷயமாக அப்போது எனக்குப் படவில்லை.

மைதிலியை வரவழைத்து, இந்த முறை அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னோம். மூன்று பெட்டிகளையும் நடுப்பகல் வெயிலில் காருக்குள் வைத்துப் பார்த்தார். பெரிய திரை வெயிலில் வெறும் கண்ணாடியாக அவர் முகத்தையே காட்டியது. அதை ஒதுக்கினார். இன்னொன்றில் அம்புக்குறி திருப்பத்துக்கு மிக அருகில்தான் வந்தது. அதையும் ஒதுக்கினார். கடைசியாக எடுத்தது மூன்றிலும் சின்னது, பளபளப்பில்லாதது, தூரத்தைத் தடித்த எண்ணில் காட்டுவது. நானாக இருந்தால் அதை யாருக்கும் விற்றிருக்க மாட்டேன்.

எங்கே வைப்பது என்பதற்கு ஒரு பகல் முழுக்கப் போனது. அவரைத் தன் இருக்கையில் தனக்கு வேண்டிய உயரத்தில் உட்காரவைத்தோம். இனிப்புப் பெட்டி அட்டையைப் பெட்டி அளவுக்கு வெட்டி டேஷ்போர்டில் நான்கு இடங்களில் மாற்றி மாற்றி நிறுத்தினேன். தேன்மொழி காருக்கு முன்னால் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளியை வைத்து இடமும் வலமுமாக நகர்த்தினார். வாளி மறைந்த இடத்தில் மைதிலி கையைத் தூக்குவார். கண் ஒன்றையே நம்பி ஓட்டுகிறவருக்கு ஒரு விரல் அகலம் மறைந்தாலும் அதற்குள் ஒரு குழந்தை நின்றுவிடும். கடைசியில், வேகம் காட்டும் மீட்டருக்கும் முன் கண்ணாடியின் வலப்பக்கத் தூணுக்கும் நடுவே, ஸ்டீயரிங்குக்குச் சற்று மேலே ஓர் இடத்தில் வாளி எங்குமே மறையவில்லை.

அங்கே ரப்பர் கிண்ணம் நிற்காது. அலுமினியத் தகட்டை வளைத்து, மீட்டர் மூடியின் இடுக்கில் செருகி, கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் இரண்டு திருகு போட்டேன். மின்சாரத்தைச் சிகரெட் லைட்டர் துளையிலிருந்து எடுக்காமல், சாவி போட்டால் மட்டும் உயிர்வரும் ஃபியூஸிலிருந்து எடுத்தேன். விளக்கை மீட்டரின் ஓரத்தில் பதித்து, இருட்டில் முன் கண்ணாடியில் பிரதிபலிக்காமல் இருக்கச் சின்னதாக ஒரு கூரை வைத்தேன்.

எல்லாம் முடிந்து இன்ஜினை ஓடவிட்டதும் மைதிலி டேஷ்போர்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். கொஞ்சம் நகர்த்தினார். ஓரிடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்து விரலை ஆட்டிக் காட்டினார். நடுங்குகிறதாம். நான் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமே கேட்கவில்லை. இருந்தாலும் பிரித்துப் பார்த்தேன். பேட்டரி மின்சாரத்தைப் பெட்டிக்கு ஏற்றபடி குறைக்கும் சின்னக் கட்டை ஒன்றைக் கட்டாமல் விட்டிருந்தேன். அது உள்ளே ஒரு கம்பியில் உரசிக்கொண்டிருந்தது. ஆறு மாதத்தில் ஒயரை அறுத்திருக்கும். முப்பது வருடமாகக் காதை வைத்தே பழுது பார்த்தவனுக்குக் கிடைக்காதது அவர் உள்ளங்கைக்குக் கிடைத்தது.

அடுத்த சனிக்கிழமை காரை ஒப்படைக்கும் நாள். சேஷாத்ரி சாரும் வந்திருந்தார். மைதிலி ஸ்டீயரிங் முன்னால் உட்கார, அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெட்டியை ஓடவிட்டுப் பார்த்தார். விளக்கு எரிந்தது.

“சத்தமே வரலையே?”

விளக்குக்காகச் சத்தம் நின்றுபோனதைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அப்போதுதான் அது பெரிய விஷயம் என்று எனக்குப் புரிந்தது. அவசரமாக, “ரெண்டும் வர்ற மாதிரி பண்ணிடலாம் சார். ஒயரை ரெண்டாப் பிரிச்சாப் போதும், பத்து நிமிஷ வேலை” என்றேன்.

“அப்படிப் பண்ணிடுங்கோ. எனக்கு ஒண்ணுமே கேக்கலேன்னா நான் எதுக்குப் பக்கத்துல ஒக்காந்துண்டு வரது?”

தேன்மொழி ஒரு துண்டு டேப்பைக் கிழித்தார். “சத்தம் வேண்டுமா, வேண்டாமா?” என்று எழுதி மைதிலிக்கு முன்னால் ஸ்டீயரிங் மேல் ஒட்டினார். பேனாவையும் நீட்டினார்.

மைதிலி அப்பாவைப் பார்த்தார். பிறகு அதே டேப்பில் ‘வேண்டாம்’ என்று எழுதினார். டேப்பில் இடம் போதவில்லை. நோட்டை எடுத்தார். எழுதியதை அப்பாவிடம் கொடுத்தார். அவர் வாய்விட்டுப் படித்தார், பள்ளிக்கூடத்தில் படிக்கிற மாதிரி.

“அது பேசினா நீங்க என்னைத் தொடுவேள். தொட்டா நான் ரோட்டை விட்டுட்டு உங்களைப் பார்ப்பேன். லஸ் கார்னர்ல அன்னிக்கு அதான் நடந்தது.”

“அன்னிக்கு சைக்கிள்காரனுக்கு ஒண்ணும் ஆகலையேம்மா” என்றார் சார், மகள் உதட்டைப் படிக்கும்படி மெதுவாக. கார்க் கதவைத் திறந்து இறங்கி நின்றார்.

இப்போது சோதனை ஓட்டம். வழக்கமாக ஃபிட்டர் கூடப் போவான். நான் பின்சீட்டில் ஏறப் போனேன். மைதிலி தலையை ஆட்டினார். தேன்மொழி என்னைப் பார்த்துக் கண்ணாலேயே ‘விடுங்க’ என்றார். கடையிலிருந்து அடையாறு, அங்கிருந்து மயிலாப்பூர்க் குளம், மறுபடி கடை என்று பெட்டியில் போட்டுக் கொடுத்தோம். நாற்பது நிமிடம் ஆகும் என்றது.

கார் திருப்பத்தில் மறைந்தது. நாற்பது நிமிடம் ஆனது. ஒரு மணி நேரம் ஆனது. சார் நாற்காலியில் உட்காரவில்லை. கடை வாசலில் நின்று, வருகிற ஒவ்வொரு வெள்ளைக் காரையும் பார்த்தார். போனை எடுத்து எஸ்.எம்.எஸ். அடிக்க ஆரம்பித்தார்.

“வேணாம் சார். போன் அதிர்ந்தா அவங்க குனிஞ்சு பாப்பாங்க” என்றார் தேன்மொழி.

போனைச் சட்டைப்பையில் வைத்தார். மறுபடி எடுத்தார். மறுபடி வைத்தார். என்னிடம் வந்து, “ஏழுமலை, அந்த மெஷின் இப்பவும் பேசிண்டுதான் இருக்குமா?” என்று கேட்டார்.

“பேசும் சார். ஒயருக்குள்ள பேசும்.”

“ஒருத்தருக்கும் கேக்காம?”

“ஆமா சார்.”

மறுபடி வாசலுக்குப் போனார். விளக்கின் பற்றவைப்பு விட்டிருக்குமோ, தகடு தளர்ந்திருக்குமோ என்று ஒவ்வொரு திருகாக மனத்துக்குள் மறுபடி முடுக்கிக்கொண்டிருந்தேன். ஏதாவது ஆகியிருந்தால் இவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? ‘பத்து நிமிஷ வேலை’ என்று நானே சொன்னதைச் செய்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

ஒரு மணி நாற்பது நிமிடம் கழித்து கார் வந்தது. வரவேண்டிய திசைக்கு எதிர்த் திசையிலிருந்து வந்தது. மைதிலி ஒழுங்காக ஓரம்கட்டி நிறுத்தி, இன்ஜினை அணைத்து இறங்கினார். முதுகு முழுக்க வியர்வை. அப்பா ஓடிப் போய், “வழி தப்பிடுத்தா?” என்றார்.

மைதிலி காரின் கூரைமேல் நோட்டை வைத்து எழுதினார். இந்தத் தடவை நீளமாக எழுதினார். மேம்பாலத்தில் ஏறுவதா கீழே போவதா என்று பெட்டிக்கே தெரியவில்லை, ஏறியிருக்கக் கூடாத இடத்தில் ஏறிவிட்டார். ஒரு தெருவை ஒருவழியாக மாற்றியிருந்தது பெட்டிக்குத் தெரியாது. இன்னொரு இடத்தில் விளக்கு எரிந்ததைப் பார்த்தும், பக்கத்தில் பஸ் ஒட்டி வந்ததால் திரும்பாமல் விட்டுவிட்டார், வேண்டுமென்றே. கடைசி வரி இது: “மூணு தடவை வழி தப்பிடுத்து. மூணு தடவையும் நானே வந்துட்டேன்.”

சார் அதைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். வாய்விட்டுப் படிக்கவில்லை. நோட்டை மூடி மகளிடம் கொடுத்துவிட்டு அவர் முகத்துக்கு நேராக நின்றார்.

“நான் ஆட்டோல ஆத்துக்குப் போயிக்கறேன். நீ போயிட்டு வா.”

“எங்கே?” என்றார் மைதிலி. அவர் குரலை நான் கேட்டது அப்போதுதான். கொஞ்சம் கனத்த, ஏற்ற இறக்கமில்லாத குரல்.

“எனக்கென்ன தெரியும்?” என்றார் சார்.

மைதிலி சிரித்தாரா, அழுதாரா என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சட்டென்று காருக்குள் உட்கார்ந்துவிட்டார். பெட்டியில் ஏதோ ஓர் இடத்தின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். என்ன இடம் என்று பார்க்க எனக்கு ஒரே ஆவல். ஜன்னலுக்கு அருகே இரண்டடி போயும்விட்டேன். தேன்மொழி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

மீட்டர் ஓரத்தில் மஞ்சள் விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. மைதிலி இண்டிகேட்டர் போட்டு, பின்னால் பார்த்து, காரை எடுத்தார். மயிலாப்பூருக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். அவர் வலப்பக்கம் திரும்பினார்.